சேன் மாலோவில் ஒரு நாள்: ரயில் டிக்கெட்டுக்கு முன் ஓத அட்டவணை

மகள் பாரிஸில் படிக்கிறாள், அவளைப் பார்க்க மனைவியோடு வருகிறேன், நடுவில் ஒரே ஒரு நாள் ஒதுக்கிப் பிரான்சின் பழைய துறைமுக ஊர் ஒன்றைப் பார்க்க ஆசை என்று எழுதியிருந்தீர்கள். சேன் மாலோவுக்குக் காலையில் போய் இரவே திரும்ப முடியுமா, மோன் சேன் மிஷேலையும் அதே நாளில் சேர்த்துக்கொள்ளலாமா, அந்த ஊருக்கும் நம் பக்கத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்பவை உங்கள் கேள்விகள்.

முடியும். வேண்டாம். உண்டு. இந்த மூன்று சொற்களோடு நிறுத்தினால் கோபித்துக்கொள்வீர்கள் என்பதால் விரிவாக எழுதுகிறேன். பக்கத்து நகரமான ரென்னில் சில ஆண்டுகள் குடியிருந்தவன் நான். வீட்டுக்கு யார் விருந்தாளியாக வந்தாலும் சேன் மாலோவுக்கு அழைத்துப்போவது என் தலையில்தான் விழும். எத்தனை முறை போனேன் என்ற கணக்கு விட்டுப்போய்விட்டது.

முதலில் மோன் சேன் மிஷேல், குன்றின்மேல் பழைய மடாலயம் நிற்கும் தீவு. வரைபடத்தில் இரண்டும் அருகருகே தெரியும்; சுமார் ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனால் நேரடி ரயில் கிடையாது, பஸ்ஸை நம்ப வேண்டும், போய்ச் சேர்ந்தபின் மலையேற வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டு ஊரின் பஸ் நிறுத்தங்களை நன்றாகப் பார்த்துவிட்டு வருவீர்கள். அதற்கு வேறொரு நாள் வையுங்கள்.

இனி சேன் மாலோ. ரயில் டிக்கெட் எடுக்குமுன் ஓத அட்டவணையை, அதாவது கடல்மட்டம் ஏறி இறங்கும் நேரப் பட்டியலைப் பாருங்கள். நம் சோழமண்டலக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர். மீனவர் அல்லாத நமக்கு அது கண்ணிலேயே படாது. சேன் மாலோவில் பெரிய ஓத நாட்களில் அந்த வித்தியாசம் 12 மீட்டரைத் தாண்டும்: நான்கு மாடி உயரத்துக்குத் தண்ணீர் ஏறி, ஆறு மணி நேரத்தில் அப்படியே இறங்கிவிடும். காலையில் கப்பல் போன இடத்தில் பிற்பகலில் குழந்தைகள் வாளியும் கரண்டியுமாகச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய ஓதங்களில் ஒன்று இது. ஊரில் எந்தக் கோட்டைக்கு எப்போது போகலாம், எந்தத் தீவுக்கு நடக்கலாம், எந்தக் கடற்கரை இருக்கும், எது காணாமல் போகும் என்பதையெல்லாம் முடிவு செய்வது இந்த அட்டவணைதான்.

அட்டவணையில் நேரத்தோடு ஓர் எண்ணும் இருக்கும்: 20 முதல் 120 வரை. எண் பெரிதானால் ஓதமும் பெரிது. நமக்கு இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. நாட்காட்டியில் அமாவாசையோ பௌர்ணமியோ எப்போது என்று பாருங்கள். அதற்கு மறுநாள், அல்லது அதற்கும் மறுநாள் போனால் ஓதம் உச்சத்தில் இருக்கும். அதைவிட முக்கியம், அந்த நாட்களில் சேன் மாலோவில் கடல் நிரம்பி நிற்பது காலையிலும் மாலையிலும். வற்றிக் கிடப்பது பிற்பகலில். பாரிஸிலிருந்து ரயிலில் போய் இறங்குபவருக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. தேய்பிறையோ வளர்பிறையோ, அஷ்டமி நவமியில் போனால் நேர் எதிர்: நண்பகலை ஒட்டிக் கடல் நிரம்பி நிற்கும், தீவுப் பாதைகள் மூழ்கியிருக்கும், பார்க்க வேண்டிய பாதியைக் கரையில் நின்றபடியே பார்க்க வேண்டும். அஷ்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்காதே என்று என் பாட்டி சொல்வார். அவர் சொன்ன காரணம் வேறு, ஆனால் இந்த ஊருக்கு அது அச்சாகப் பொருந்துகிறது.

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து நேர் ரயில்கள் உண்டு, இரண்டேகால் மணி நேரம் முதல் மூன்று மணி நேரம் வரை ஆகும். நேர் ரயில் கிடைக்காவிட்டால் ரென்னில் இறங்கி உள்ளூர் ரயிலுக்கு மாறலாம். சேன் மாலோ நிலையத்திலிருந்து மதில் சூழ்ந்த பழைய ஊருக்குக் கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நடை. சாலை நேராகப் போகிறது, வழி தவறாது. சேன் வின்சென்ட் வாசல் வழியாக உள்ளே நுழைந்ததும் படியேறி மதிலின் மேலே போய்விடுங்கள். கடைத்தெரு காத்திருக்கும்.

மதில் சுற்று இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கட்டணம் இல்லை. பழைய பகுதிகள் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. வோபான் என்ற புகழ்பெற்ற கோட்டைப் பொறியாளரின் திட்டப்படி, 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்ததன் தொடக்கத்திலும் காரான்ஜோ என்பவர் அதை விரித்துக் கட்டினார். உங்கள் மனைவிக்கு முழங்கால் தொல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஏறுவது ஒருமுறைதான், மேலே நடைபாதை பெரும்பாலும் சமதளம். ஆங்காங்கே சில படிகள் வரும், பெஞ்சுகளும் வரும்.

மேலே நின்று ஊருக்குள் பார்க்கும்போது ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சாம்பல் நிறக் கருங்கல் வீடுகள், செங்குத்தான கூரைகள், வானத்தைக் குத்தும் புகைபோக்கிகள் எல்லாம் முந்நூறு வயது போலத் தெரியும். பெரும்பாலானவை என் அம்மாவைவிட இளையவை. 1944 ஆகஸ்டில் அமெரிக்கப் படை இந்த ஊரை ஜெர்மானியரிடமிருந்து மீட்டபோது குண்டும் தீயுமாக மதிலுக்குள் சுமார் 80 சதவீதம் அழிந்தது. ஊருக்குத் தெற்கே ஒரு மேட்டில் கோட்டை பிடித்திருந்த ஜெர்மானியத் தளபதி ஆகஸ்ட் 17 அன்றுதான் சரணடைந்தார். எதிரே கடலில் தெரியும் செசாம்பர் தீவு செப்டம்பர் 2 வரை தாக்குப்பிடித்தது. அந்தச் சிறு தீவின் மேல் விழுந்த குண்டுகளுக்குக் கணக்கில்லை, நேபாம் என்ற தீக்குண்டு உட்பட. போருக்குப் பின் மொத்தத்தையும் இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கான்கிரீட் ஊர் எழுப்பியிருக்கலாம். பிரான்சின் வேறு சில துறைமுகங்களில் அதுதான் நடந்தது. இங்கே பழைய சாயல் மாறாமல், கருங்கல்லிலேயே திருப்பிக் கட்டினார்கள். 1948இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நடந்தது. தேவாலயத்தின் கூம்பு எழுந்தது 1970களின் தொடக்கத்தில்தான். சிலர் இதைக் கேட்டதும் முகம் சுளித்து "அப்படியானால் எல்லாம் போலியா?" என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. சன்னல்களை மட்டும் கவனியுங்கள். ஒரே வரிசையில், ஒரே அளவில் ஒழுங்காக இருந்தால் புதியது. கோணலாக இருந்தால் தப்பிப் பிழைத்தது. மதில் பெரும்பாலும் அசலே.

வலஞ்சுழியாக நடந்தால் முதலில் துறைமுகப் பக்கம் வரும். உள்ளே இருக்கும் கப்பல் தொட்டிகளில் தண்ணீர் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்பதைக் காண்பீர்கள். வெளியே கடல் 12 மீட்டர் இறங்கும் ஊரில் அது எப்படி என்றால், பெரிய மதகுக் கதவுகள் பூட்டிப் பிடித்து வைத்திருக்கின்றன. அந்த ஏற்பாடு வருவதற்கு முந்தைய காலத்தில் கப்பல்கள் வற்றத்தின்போது சேற்றில் சாய்ந்து கிடக்கும். ஊரின் காவல் நாய்கள் கதை இங்கேதான் தொடங்குகிறது.

இரவில் கடல் வடிந்ததும் தரைதட்டிக் கிடக்கும் கப்பல்களுக்கு யார் வேண்டுமானாலும் நடந்தே போய்விடலாம், சரக்கைத் தூக்கலாம். அதற்காக ஊரார் மாஸ்டிஃப் வகைப் பெரிய நாய்களை வளர்த்தார்கள். இரவு மணி அடித்து வாசல்களைச் சாத்தியபின் அவற்றைக் கடற்கரையில் அவிழ்த்துவிடுவார்கள். விடியலில் கொம்பு ஊதிப் பிடித்துக் கட்டுவார்கள். நூற்றாண்டுக் கணக்கில் நடந்த வழக்கம். 1770இல் இரவு நேரங்கடந்து வந்த இளம் கடற்படை அதிகாரி ஒருவரை நாய்கள் கடித்துக் கொன்றன. அதோடு நாய்களுக்கு விஷம் வைத்து வழக்கத்தை முடித்துவிட்டார்கள். ஒல்லாந்துக் கொத்தளம் என்று பெயர் கொண்ட மேற்கு மூலையின் அடியில் நாய்ப்பட்டி இருந்த இடத்தைக் காட்டுவார்கள். மேலே பீரங்கிகள் வரிசையாக இருக்கும், அங்கேயே ழாக் கார்த்தியேவின் சிலை. 1534இல் இந்த ஊரிலிருந்து கிளம்பிக் கனடாவைப் பிரான்சுக்கு அறிமுகப்படுத்தியவர் அவர்.

சற்றுத் தள்ளி ஒரு சிறு தோட்டத்தில் கையை நீட்டிக் கடலைச் சுட்டும் சிலை சுர்கூஃபுடையது. விரல் இங்கிலாந்தை நோக்கி நீள்கிறது. சேன் மாலோவை 'கோர்சேர்களின் ஊர்' என்பார்கள். கோர்சேர் என்பவர் கடற்கொள்ளையர்தான், ஆனால் கையில் அரசரின் அனுமதிச் சீட்டு இருக்கும். எதிரி நாட்டு வணிகக் கப்பலைப் பிடித்தால் நீதிமன்றத்தில் கணக்குக் காட்ட வேண்டும். அதில் ஒரு பங்கு அரசுத் தரப்புக்கு, மற்றது கப்பல் முதலாளிக்கும் மாலுமிகளுக்கும். சீட்டு இல்லாதவன் பிடிபட்டால் தூக்கு, சீட்டு உள்ளவர் பிடிபட்டால் போர்க்கைதி. வித்தியாசம் ஒரு தாள். சுர்கூஃப் தம் பெரிய வேட்டையை ஆடியது நம் வங்கக் கடலில்: 1800 அக்டோபரில் ஹூக்ளி முகத்துவாரத்தை நெருங்கிக்கொண்டிருந்த 'கென்ட்' என்ற ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிக் கப்பலை, அதைவிட மிகச் சிறிய தம் கப்பலோடு மோதிப் பிடித்தார். புதுச்சேரி வெள்ளை நகரில் சுர்கூஃப் வீதியில் நடந்திருப்பீர்கள், இவர் பெயர்தான் அது. அடிமை வணிகத்திலும் அவருக்குக் கை இருந்தது. கையை நீட்டி நிற்கும் வெண்கலத்தைப் பார்க்கும்போது அதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுவது நல்லது. இந்த ஊரின் பழைய செல்வத்தில் கொள்ளை, நியூஃபவுண்ட்லாந்து கருவாடு, இந்தியத் துணி, அடிமைகள் எல்லாம் கலந்திருக்கின்றன.

வற்றம் எப்போது என்று பார்த்துவிட்டீர்களா? அந்தச் சமயத்தில் மதிலைவிட்டு இறங்கி, போன்-செகூர் கடற்கரை வழியாகக் கிரான் பே தீவுக்கு நடந்து போங்கள். கடற்கரையில் கடல்நீர் நீச்சல் குளம் ஒன்று இருக்கும். ஏற்றத்தின்போது குளம் மூழ்கி, குதிக்கும் மேடை மட்டும் நடுக்கடலில் தனியாக நிற்கும். தீவுக்குப் போகும் பாதை கல் பாவியது, பாசி பிடித்தது, வழுக்கும். வயதானவர்கள் கைபிடித்துப் போக வேண்டும். மேலே ஏறினால் கடலைப் பார்த்த விளிம்பில் எழுத்தாளர் ஷதோபிரியானின் கல்லறை. 1768இல் இந்த ஊரில் பிறந்து 1848இல் இறந்தவர். கல்லறையில் பெயர் கிடையாது. ஒரு கருங்கல் சிலுவை, ஒரு பலகைக்கல், சுற்றி இரும்பு வேலி, அவ்வளவுதான். கடலையும் காற்றையும் மட்டுமே கேட்டுக்கொண்டிருக்க விரும்பினார், வழிப்போக்கரே அதை மதியுங்கள் என்ற பொருளில் பக்கத்துச் சுவரில் எழுதியிருக்கும்.

நான் மதிக்கவில்லை என்று சொல்ல முடியாது. தேவைக்கு அதிகமாகவே மதித்துவிட்டேன். முதல் முறை போனபோது கல்லறைக்குப் பின்னால் புல்லில் உட்கார்ந்து, செசாம்பரின் மேல் மேகம் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் பாதையின் நடுவில் தண்ணீர் ஒரு விரல் ஆழத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஷூவைக் கழற்றிக் கையில் எடுப்பதற்குள் கணுக்கால். இரண்டு அடி வைப்பதற்குள், முன்னிருந்து வரவேண்டிய கடல் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சந்தித்து, முழங்காலைத் தள்ளியது. சத்தமே இல்லை. அலை அடித்தால் பயப்படத் தெரியும். இது ஆற்று வெள்ளம் போல நழுவி ஏறியது. பின்வாங்கித் தீவுக்கே ஏறிவிட்டேன். அதுதான் சரியும்கூட: மாட்டிக்கொண்டால் தண்ணீரில் இறங்காதே, மேலேயே இரு என்பதே அங்குள்ள விதி. எதிரே ஐந்து நிமிட நடையில் மதில், அதன்மேல் ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி என்னைப் பார்க்கும் கூட்டம். இந்தப் பக்கம் நானும் பெயரில்லாத கல்லறையும். கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். ரென்னுக்குக் கடைசி ரயில் போயே போய்விட்டது. ஆகவே உச்ச வற்றத்தை ஒட்டிப் போய், கடல் திரும்பும் நேரத்துக்குள் கரையில் இருங்கள்.

சாப்பாட்டுக்குப் பிற்பகல் இரண்டு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள். பல கடைகளில் அதன்பின் அடுப்பை அணைத்துவிடுவார்கள். பிரெத்தான் பகுதியின் 'கலெத்' கேளுங்கள். பக்வீட் என்ற கறுத்த தானிய மாவில் வார்ப்பது. பார்வைக்குக் கேழ்வரகு தோசையேதான், கல்லில் மரக்கட்டையால் இழுப்பதும் நாம் கரண்டியால் இழுப்பதும் ஒரே கைவேலை. சைவம் என்றால் பாலாடைக்கட்டி, முட்டை, காளான் போட்டுத் தருவார்கள். உப்பு வெண்ணெய் எதிலும் தாராளம். ஆப்பிள் சைடரைக் கைப்பிடி வைத்த மண் கோப்பையில் தருவார்கள். கொஞ்சம் போதை உண்டு, சொல்லிவிட்டேன்.

சாப்பிட்ட பிறகு, உங்கள் மூன்றாவது கேள்விக்காக நிதானமாகத் தெருக்களுக்குள் நடக்கலாம். பெர்த்ரான் பிரான்சுவா மாஹே தெ லா பூர்தொன்னே என்பவர் 1699இல் இங்கே பிறந்தார். புதுச்சேரியில் இவர் பெயரிலும் ஒரு வீதி உண்டு. 1735 முதல் மொரீஷியஸின் ஆளுநர். சீஷெல்ஸின் மாஹே தீவு இவர் பெயரைத்தான் தாங்குகிறது. 1746இல் சில கப்பல்களைத் திரட்டிக்கொண்டு வந்து, செப்டம்பர் 21 அன்று சென்னைப் பட்டணத்தையும் செயின்ட் ஜார்ஜ் கோட்டையையும் ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். அப்போது அங்கே எழுத்தராக இருந்த ராபர்ட் கிளைவ் பிறகு வேடம் போட்டுத் தப்பிக் கடலூர் பக்கத்து செயின்ட் டேவிட் கோட்டைக்கு ஓடினார்.

பிடித்தபின் தகராறு. கோர்சேர் ஊர்க்காரர் இல்லையா, லா பூர்தொன்னேயின் கணக்கு எளிது: 11 லட்சம் வராகன் மீட்புத் தொகை வாங்கிக்கொண்டு பட்டணத்தை ஆங்கிலேயருக்கே திருப்பிக் கொடுத்துவிடுவது. புதுச்சேரியில் ஆளுநராக இருந்த துய்ப்ளே ஒப்பவில்லை. பட்டணம் தம் அதிகாரத்துக்கு உட்பட்டது என்றார். ஆர்க்காட்டு நவாபுக்கு வேறு வாக்குக் கொடுத்திருந்தார். இருவரும் கடிதத்தில் கத்தி வீசிக்கொண்டிருக்க, அக்டோபரில் வந்தது புயல். சென்னைக் கடலில் நங்கூரமிட்டிருந்த பிரெஞ்சுக் கப்பல்கள் பல நாசமாயின. ஐப்பசியில் நம் கரை என்ன செய்யும் என்பதை, ஓதத்தை மட்டுமே அறிந்த சேன் மாலோக்காரர் குறைத்து மதிப்பிட்டுவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றும். மிஞ்சியதோடு அவர் கிளம்பிப் போனார். அந்த நாட்களின் புதுச்சேரிப் பேச்சையெல்லாம் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்.

ஊர் திரும்பிய லா பூர்தொன்னேயை வரவேற்றது பாஸ்டில் சிறை. லஞ்சம் வாங்கிப் பட்டணத்தை விற்றார் என்று குற்றச்சாட்டு. 1748 முதல் மூன்று ஆண்டுகள் உள்ளே. தாளும் பேனாவும் தர மறுத்துவிட்டார்களாம். கைக்குட்டைகளை அரிசிக் கஞ்சியில் தோய்த்து மொடமொடவென்று உலர்த்தி, காப்பிக் கசடை மையாக்கி, செப்புக் காசை வளைத்துப் பேனாவாக்கித் தம் தரப்பை எழுதினார் என்று சொல்கிறார்கள். கஞ்சி போட்டு விறைப்பாக்கும் வித்தையை எங்கே கற்றிருப்பார் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டதுண்டு. 1751இல் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள்; 1753இல் இறந்தார். சென்னையோ 1748 உடன்படிக்கைப்படி ஆங்கிலேயருக்கே திரும்பிப் போயிற்று. பதிலுக்குப் பிரான்சுக்குக் கிடைத்தது கனடாவின் லூயிபூர்க் கோட்டை. ஒரு சேன் மாலோக்காரர் பிடித்த ஊரைக் கொடுத்து, இன்னொரு சேன் மாலோக்காரர் வழி திறந்த நாட்டில் ஒரு கோட்டையை வாங்கியிருக்கிறார்கள்.

தொடர்பு இவரோடு முடியவில்லை. 1719க்கு முந்தைய சில ஆண்டுகள், நொடித்துப்போன பிரெஞ்சுக் கும்பினியின் இந்திய வணிகத்தையே சேன் மாலோ வணிகர்கள் ஏற்று நடத்தினார்கள். புதுச்சேரிக்கு வந்து போன கப்பல்கள் அவர்களுடையவை. 1944 தீக்குத் தப்பிய பெரிய மாளிகை ஒன்று அஸ்ஃபெல்ட் தெருவில் இருக்கிறது: கும்பினி இயக்குநர்களில் ஒருவரான மகோன் 1725இல் கட்டியது. வழிகாட்டியோடு உள்ளே பார்க்கலாம். நேரம் இடித்தால் தேவாலயத்தைச் சுருக்கிக்கொண்டு இதைப் பாருங்கள். தேவாலயத்தில் கார்த்தியேவின் கல்லறை இருக்கிறது, பத்து நிமிடம் போதும்.

வடக்குப் பக்கம் கடலுக்குள் தெரியும் தேசியக் கோட்டைக்கும் வற்றத்தில்தான் வழி. திறந்திருந்தால் கொடி பறக்கும். ரான்ஸ் ஆற்று முகத்தில் ஓதத்தைக் கொண்டே மின்சாரம் எடுக்கும் நிலையம் 1966 முதல் ஓடுகிறது: 24 சுழலிகள், 240 மெகாவாட். பொறியாளர் என்றால் ஆசை வரும், ஆனால் ஒரு நாள் பயணத்தில் அதை விட்டுவிடுங்கள்.

மாலை ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக வடகிழக்கே சியோன் கடற்கரைக்குப் போய்விடுங்கள். ஒரு காலத்தில் பாறைத்தீவாக இருந்த ஊரை நிலத்தோடு சேர்த்த மணல்திட்டு அதுதான். கரை நெடுக, ஆளைவிட உயரமான ஓக் மரத் தண்டுகளை ஆயிரக்கணக்கில் நட்டு வைத்திருப்பார்கள். அலையின் வேகத்தை உடைக்க 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஏற்பாடு. கறுத்து, முறுக்கி, சிப்பி அப்பி, ஒவ்வொன்றும் ஒரு சாயலில் நிற்கும். பெரிய ஓத மாலையில் கடல் முதலில் அவற்றின் காலைச் சுற்றும், பிறகு இடுப்பு, பிறகு தலை மட்டும். காற்றும் சேர்ந்தால் அலை சுவரில் மோதி நடைபாதைக்கு மேலே எழும்பி, சாலையில் நிற்பவர்களை நனைக்கும். எல்லோரும் தூரமாகத்தான் நிற்பார்கள், எல்லோரும் நனைவார்கள். அங்கிருந்து ரயில் நிலையம் பத்துப் பதினைந்து நிமிட நடைதான். பையில் உலர்ந்த காலுறை ஆளுக்கு ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். பாரிஸ் வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும்.